அந்தப் பலகையில் மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்?

இது நான் கேட்பது; நீங்கள் கேட்டிருப்பது இதோ. 28 மி.மீ. மினியேச்சர்களை (சின்னஞ்சிறு வீரர் பொம்மைகளை) வைத்து வார்கேம் என்ற மேஜைப் போர் விளையாட்டு ஆடுகிறீர்கள். அதற்காக எக்ஸ்பிஎஸ் ஃபோமில் (தெர்மாகோல் போன்ற, ஆனால் கெட்டியான நுரைப்பலகையில்) 60 செ.மீ. சதுரமாக ஒரு பலகை செய்திருக்கிறீர்கள்: ஒரு குன்று, அதையொட்டி ஓர் ஓடை, நாலைந்து மரங்கள். வீடியோவில் காட்டியதை ஒரு படி விடாமல் செய்தும் அது நிலமாகத் தெரியவில்லை, பச்சைத் துணி போர்த்திய பெட்டியாகத் தெரிகிறது. செயற்கைப் புல் இழைகளை நிற்கவைக்கும் ஸ்டாட்டிக் கிராஸ் கருவியும், தண்ணீர் போல ஊற்றி இறுகவைக்கும் நல்ல ரெசினும் வாங்கினால் சரியாகுமா, அதே பலகையை டயோரமாவாகவும், அதாவது பார்ப்பதற்கான காட்சி மாதிரியாகவும் வைக்கலாமா என்கிறீர்கள். கருவியைப் பற்றிக் கேட்டிருந்தாலும், உள்ளே இருக்கிற கேள்வி வேறு என்று நினைக்கிறேன். எல்லாம் சரியாகச் செய்தும் இது ஏன் நிலமாக இல்லை? அதற்கு விடை கிடைத்தால் கருவிக் கேள்வி பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

நான் படித்தது நிலவியல். பதினெட்டு வருடங்களாக டெரெய்ன், அதாவது இப்படிச் சிறு நில மாதிரிகள், செய்கிறேன். அதில் பாதிக்காலம் அருங்காட்சியகங்களுக்கு மாதிரிகள் செய்யும் ஒரு பட்டறையில் வேலை பார்த்தேன். நீங்கள் போட்ட மூன்று படங்களை வைத்துத்தான் பேசுகிறேன், அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வடிவத்தில் இருக்கும் குறை படத்தில் நன்றாகத் தெரிகிறது. அதைப் பற்றி உறுதியாகச் சொல்வேன். நிறம் அப்படியில்லை. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த படம் என்பதால், நேரில் பார்த்தால் உங்கள் பச்சை இத்தனை கூச்சலாக இல்லாமல் இருக்கலாம். நிறத்தைப் பற்றிச் சொல்வதை மட்டும் உங்கள் கண்ணால் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஓடை. உங்கள் பலகையில் அது குன்றின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு போகிறது. அதற்கு இடப்பக்கம் இருக்கிற நிலம் ஓடையைவிடத் தாழ்வு. அப்படி ஓர் ஓடை ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. கரையை உடைத்துக்கொண்டு இடப்பக்கம் இறங்கிவிடும். பார்க்கிறவருக்கு நிலவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடுவதைப் பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய கண் அது. என்ன தப்பு என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியாவிட்டாலும், ஏதோ ஒட்டவில்லை என்று அதற்குத் தெரிந்துவிடும். நீங்கள் சொல்கிற அந்த 'நிலமாக இல்லை' என்ற உணர்வில் பெரும்பங்கு இதுதான். நிலம் என்பது தண்ணீர் அறுத்தும் சுமந்தும் கொட்டியும் விட்டுப்போன வடிவம். அந்த வரிசை தெரியாமல் மேலே புல்லைத் தூவினால், எவ்வளவு நல்ல புல்லானாலும் பெட்டிமேல் தூவிய புல்லாகத்தான் நிற்கும்.

இரண்டாவது, ஓடையின் அகலம் நுழையும் இடத்திலிருந்து வெளியேறும் இடம்வரை ஒரே அளவு, இரண்டு கரையும் ஒரே உயரம். ஓடும் தண்ணீர் அப்படி விடாது. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கம் வேகம் அதிகம், அங்கே கரையை அறுக்கும். உள்பக்கம் வேகம் குறைவு, அங்கே சுமந்துவந்த மணலையும் சரளையையும் இறக்கிவிடும். ஆகவே வளைவின் வெளிக்கரை செங்குத்தாக வெட்டுப்பட்டு, வேரும் மண்ணும் தெரிய நிற்க வேண்டும். உள்கரை தண்ணீருக்குள் மெல்லச் சரிந்து இறங்கும் மணல்திட்டாக இருக்க வேண்டும். ஆழமும் வெளிப்பக்கம்தான். இந்த ஒன்றைச் செய்தாலே, ரெசின் ஊற்றுவதற்கு முன்பே, வெறும் ஃபோமில் ஓடை ஓடத் தொடங்கும். ஒரு கத்தியும் உப்புத்தாளும் போதும், அரை மணி நேர வேலை. ஆட்டத்துக்கும் இது நல்லது. உள்கரையில் வீரர்கள் இறங்கிக் கடக்க ஓர் இடம் கிடைக்கும், வெளிக்கரை தானாகவே ஒரு தடையாகிவிடும்.

குன்றுக்கு வருகிறேன். நாலு ஃபோம் அட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, விளிம்புகளைக் கத்தியால் கொத்திப் பாறையாக்கியிருக்கிறீர்கள். முறை நல்ல முறைதான். ஆனால் பாறை நாலு பக்கமும் ஒரே மாதிரி வெளியே தெரிகிறது. படிவுப்பாறை அடுக்கடுக்காக இருக்கும், அந்த அடுக்குகள் பெரும்பாலும் ஏதோ ஒரு திசையில் சாய்ந்திருக்கும். ஒரு பக்கம் அடுக்குகள் முறிந்து முகம் காட்டும். எதிர்ப்பக்கம் மண்மூடி மெல்லச் சரியும். அடுக்குகளின் சாய்வு பலகை முழுவதும் ஒன்றாக இருக்க வேண்டும். குன்றின் பாறை இடப்பக்கம் பத்து டிகிரி சாய்ந்தால், ஓடைக்கரையில் எட்டிப்பார்க்கும் சிறு பாறையும் அதே திசையில் அதே அளவு சாய வேண்டும். பட்டறையில் எனக்கு முதல் வருடம் சொல்லிக்கொடுத்தது இதுதான்: ஃபோமில் கத்தி வைப்பதற்கு முன் பலகையின் ஓரத்தில் ஓர் அம்புக்குறி போடு, எந்தப் பாறையைச் செதுக்கினாலும் அந்த அம்பைப் பார்த்துச் செதுக்கு. இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

பாறை முகத்தின் அடியிலும் ஒன்று குறைகிறது. உங்கள் பாறை நேராகப் புல்லில் போய் முட்டுகிறது. நூற்றுக்கணக்கான வருடம் வெயிலும் மழையும் பட்ட பாறை உடைந்து விழுந்துகொண்டே இருக்கும், விழுந்தது அடிவாரத்தில் குவிந்திருக்கும். காய்ந்த மணலைக் கொட்டினால் அது சுமார் 34 டிகிரிச் சாய்வில் தானாக நிற்கும். முனை கூர்மையான கல் சிதறல் இன்னும் கொஞ்சம் செங்குத்தாக, 40 டிகிரிக்குப் பக்கம்வரை நிற்கும். இதை நீங்கள் அளந்து செய்ய வேண்டாம். பாறையின் அடியில் பசை தடவி, மேலிருந்து சரளையைக் கொட்டுங்கள். அதற்குரிய சாய்வை அதுவே எடுத்துக்கொள்ளும். முதலில் பெரிய கற்கள், பிறகு சிறியவை, கடைசியில் சலித்த மண். பெரிய கல் உருண்டு தூரம் போகும், பொடி மேலேயே தங்கும். மலையடிவாரத்தில் நடப்பதும் இதுதான், உங்கள் மேஜையில் நடப்பதும் இதுதான்.

இனி, பெயின்டுக்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஃபோமை மூடிப் பூசிய அடிப்பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு, ஒரு ஸ்பிரேயரில் தண்ணீரும் ஒரு துளிப் பாத்திரம் கழுவும் சோப்பும், கொஞ்சம் பழுப்பு அக்ரிலிக் பெயின்டும் கலந்து, குன்றின் உச்சியில் மட்டும் தெளியுங்கள். பலகையை அசைக்காமல் குனிந்து பாருங்கள். முதலில் மணி மணியாக நிற்கும். பிறகு இரண்டு மணி சேரும், சேர்ந்தது கனம் தாங்காமல் இறங்கும், இறங்கும் வழியில் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளும். ஒரு நிமிடத்தில் குன்றின்மேல் மூன்று நான்கு கோடுகள் விழுந்திருக்கும். நீங்கள் செதுக்கும்போது யோசிக்காத ஒரு மூலையில் ஒரு சொட்டு தேங்கி நிற்கும். அப்படியே காயவிடுங்கள். அந்தக் கோடுகள்தான் உங்கள் வடிகால்கள். அவற்றின் ஓரமாகப் புல் உயரமாகவும் அடர்த்தியாகவும் இருக்க வேண்டும், புதரும் மரமும் அங்கேதான் நிற்க வேண்டும். சொட்டு தேங்கிய மூலையில் சேறு வையுங்கள், நாணல் வையுங்கள். உச்சியும் மேட்டு முகடுகளும் மண் காய்ந்து, புல் குட்டையாகவும் திட்டுத்திட்டாகவும் இருக்கட்டும். எங்கே என்ன நட வேண்டும் என்று இதன்பிறகு யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

அடுத்தது அளவு. 28 மி.மீ. என்பது உண்மையில் ஒரு ஸ்கேல் அல்ல, ஆள் உயரம். அதுவும் செய்பவருக்குச் செய்பவர் மாறும். 1/56 என்பார்கள், 1/64 என்பார்கள். கணக்குக்கு 1/60, அதாவது நிஜத்தின் அறுபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் குன்று 8 செ.மீ. உயரம் என்கிறீர்கள், அதாவது நிஜத்தில் 4.8 மீட்டர், இரண்டு மாடி வீட்டைவிடக் குறைவு. மரங்கள் 12 செ.மீ., நிஜத்தில் 7 மீட்டர் சொச்சம். 20 மீட்டர் மரம் வேண்டுமென்றால் மேஜையில் 33 செ.மீ. வேண்டும், அது ஆட்டத்துக்கு ஆகாது, கை இடிக்கும். ஆகவே எல்லோரும் குறைத்துத்தான் செய்கிறோம், அதில் தப்பே இல்லை. ஆனால் 5 மீட்டர் மேட்டை மலை மாதிரிச் செதுக்கினால் கண் ஏமாறாது. அதை ஒரு பாறைத் திட்டாக, பெரிய நிலத்தின் ஒரு துண்டாக நினைத்துச் செதுக்குங்கள். உச்சியைக் கூம்பாக முடிக்காமல், சரிவைப் பலகையின் ஓரம்வரை கொண்டுபோய் அங்கே வெட்டிவிடுங்கள். மீதி மலை பலகைக்கு வெளியே இருப்பதாகப் பார்ப்பவரே நினைத்துக்கொள்வார்.

இதே கணக்கைச் சிறியவற்றுக்கும் போட்டுப் பாருங்கள், அங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். 1 மி.மீ. மணல் இந்த ஸ்கேலில் 6 செ.மீ. கல். நீங்கள் பாதையில் ஒட்டியிருப்பது அந்த மணல் என்றால், உங்கள் வீரர்கள் கைப்பிடிக் கற்கள்மேல் நடக்கிறார்கள். பாதைக்கு மண்ணை மெல்லிய துணியில் சலித்து, மாவு மாதிரி எடுத்துப் போடுங்கள். 2 மி.மீ. புல் 12 செ.மீ., மேய்ந்துவிட்ட மைதானம். 6 மி.மீ. புல் 36 செ.மீ., முழங்காலுக்குச் சற்றுக் கீழே. 1/35 டயோரமா என்றால் எல்லாமே மாறும்; அதே 2 மி.மீ. புல் அங்கே 7 செ.மீ.தான். வீட்டுக் கதவு 2.1 மீட்டர் என்றால் கணக்குப்படி 35 மி.மீ., ஆனால் மினியேச்சர் ஒரு தடித்த பேஸின்மேல் (அடித்தட்டின்மேல்) நிற்பதால் 38 முதல் 40 வரை வைத்தால்தான் ஆள் நுழைகிற கதவாகத் தெரியும். இது கணக்குக்கு எதிரானது, கண்ணுக்குச் சரியானது.

கணக்கையும் கண்ணையும் இப்படிச் சமாளிப்பது நம்மோடு தொடங்கியதல்ல. நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர்க்களத்தின் மாதிரியைச் செய்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் சைபோர்ன், 1830ல் களத்திலேயே பல மாதம் தங்கி நிலத்தை அளந்தார். ஒரு மைலுக்கு 9 அடி என்ற கணக்கில் நிலத்தைச் செய்தார். அது ஏறத்தாழ 1/587. அந்த ஸ்கேலில் ஓர் ஆள் 3 மி.மீ. இருக்க வேண்டும். ஆனால் அவர் வைத்த வீரர்கள் சுமார் 10 மி.மீ., நிலத்தைவிட மூன்று மடங்கு பெரிய ஸ்கேல். 1838ல் லண்டனில் காட்சிக்கு வந்த அந்த மாதிரியில் 75,000 அளவுக்கு வீரர்கள் இருந்தார்கள்; இப்போது அது அங்கே தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவ்வளவு துல்லியமாக அளந்தவரே ஆளுக்கு ஒரு ஸ்கேல், நிலத்துக்கு ஒரு ஸ்கேல் வைத்துக்கொண்டார். உங்களுடையது போன்ற பலகைகளாக ஒரு நிலத்தைப் பிரித்து மாற்றி மாற்றி அடுக்கும் யோசனை அதற்கும் முந்தியது. 1812ல் ஃபான் ரைஸ்விட்ஸ் என்பவர் பிரஷ்ய மன்னருக்குச் செய்துகொடுத்த போர் விளையாட்டு மேஜையில், மேடுபள்ளத்தோடு செய்த நிலத் துண்டுகளை வேண்டியபடி அடுக்கிக் களத்தை அமைக்கலாம்.

அடுத்த கேள்வி, ஒரே பலகை ஆட்டத்துக்கும் காட்சிக்கும் ஆகுமா. ஆகும், ஆனால் இரண்டில் எது முதலாளி என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். டயோரமா ஒரு கணத்தைக் காட்டுவது. பார்ப்பவர் எங்கே நிற்பார், கண் முதலில் எங்கே போகும் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். பின்பக்கம் வெறும் பலகையாக இருந்தாலும் பரவாயில்லை. ஆட்டப் பலகை நாலு பக்கத்திலிருந்தும் பார்க்கப்படும், கை படும், மெட்டல் மினியேச்சர் விழும், தூக்கி அடுக்கப்படும். சரிவைப் பொறுத்தவரை இரண்டுக்கும் நேர்ச்சண்டை. என் அனுபவத்தில் 20 டிகிரியைத் தாண்டினால் பிளாஸ்டிக் மினியேச்சர் நிற்கத் தயங்கும், 25ஐத் தாண்டினால் தலைகனமான மெட்டல் உருவம் சாயும். கல் சரிவு 40 டிகிரிக்குப் பக்கம்வரை போகும் என்று முன்பே சொன்னேன். இதற்கு வழி, சரிவையெல்லாம் மட்டமாக்குவதல்ல. சரிவின் நடுவே, மண் தேங்கிய சிறு திண்ணைகள் போல, உங்கள் பேஸ் 32 மி.மீ. என்றால் 40 மி.மீ. அகலத்துக்குத் தட்டையான இடங்களை ஆங்காங்கே விடுங்கள். ஆடு மாடு நடந்து உண்டான தடம் போல அதை வளைத்துக் கொண்டுபோனால், அது நிற்கும் இடம் என்றே தெரியாது. ஆட்டமே முதலாளி என்றால் ஓடையும் பாதையும் பலகையின் பக்கத்தில் வெளியேறும் இடத்தைச் சரியாக நடுவில், ஒரே அகலத்தில் வையுங்கள். நாளைக்கு இன்னொரு பலகை செய்தால் எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் சேரும். எனக்கு நீங்கள் ஆட்டப் பலகையாகவே முடிக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. காட்சிக்கு 15 செ.மீ. சதுரத்தில் தனியாக ஒன்று செய்யுங்கள். சிறியதாக இருந்தால் ஒவ்வொரு அங்குலத்தையும் கவனித்துச் செய்ய முடியும்.

படத்தில் தெரிகிற இரண்டு பொருட்கோளாறுகளையும் சொல்லிவிடுகிறேன். குன்றின் வலப்பக்கம் பாறை அரித்த மாதிரி குழிகுழியாக இருக்கிறது. நீங்கள் அங்கே ஸ்பிரே ப்ரைமர் (டப்பாவிலிருந்து தெளிக்கும் முதல் கோட் பெயின்டு) அடித்திருப்பீர்கள், அந்த இடத்தில் ஃபோமை மூடும் அடிப்பூச்சு விட்டுப்போயிருக்கும் என்று நினைக்கிறேன். எக்ஸ்பிஎஸ்ஸும் தெர்மாகோலும் இரண்டுமே பாலிஸ்டைரின்தான். அசிட்டோன் மாதிரியான கரைப்பான்களும், ஸ்பிரே டப்பாவில் வாயுவாக அடைக்கும் சில பொருட்களும் அதைக் கரைத்துவிடும். ஃபோமை முதலில் வெள்ளைப் பசையும் அக்ரிலிக் பெயின்டும் கலந்து இரண்டு கோட் மூடிவிட்டுத்தான் ஸ்பிரே பக்கம் போக வேண்டும். நான் சுவருக்குப் பூசும் பட்டியில் வெள்ளைப் பசை, சலித்த மண், பழுப்புப் பெயின்டு மூன்றையும் குழைத்து ஒரு மி.மீ. கனத்துக்குப் பூசுகிறேன். அது ஓடு மாதிரி இறுகிவிடும். பெயின்டை உள்ளேயே கலப்பதில் பெரிய லாபம் உண்டு. ஆட்டத்தில் எங்காவது செதில் பெயர்ந்தாலும் வெள்ளையாகத் தெரியாது, மண்ணாகத்தான் தெரியும்.

இன்னொன்று, பலகையின் மூலைகள் மேலே தூக்கியிருக்கின்றன. ஃபோமுக்கு அடியில் வைக்கும் மெல்லிய எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த) பலகையின் மேற்பக்கம் மட்டும் ஈரமான பூச்சைப் பூசினால், அது காயும்போது சுருங்கிப் பலகையைத் தன் பக்கம் இழுக்கும். அடிப்பக்கத்திலும் அதே நாளில் ஒரு கோட் பசை பூசியிருந்தால் இரண்டு பக்க இழுப்பும் சமமாகியிருக்கும். இப்போதும் கெட்டுப்போகவில்லை. அடிப்பக்கத்தை நன்றாக நனைத்துப் பசை பூசி, மூலைகளில் கனம் வைத்து இரண்டு நாள் விடுங்கள். எவ்வளவு இறங்கும் என்பது பலகையைப் பொறுத்தது. முழுவதும் இறங்காவிட்டால் கீழே குறுக்காக இரண்டு மரச்சட்டம் திருகிவிடுங்கள். ஃபோமுக்கும் ஃபோமுக்கும் நடுவே வெள்ளைப் பசை தடவி ஒட்டியது வாரக்கணக்கில் காயவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டு பக்கமும் காற்றுப் போகாத பொருள், பசையிலிருக்கும் தண்ணீர் வெளியேற வழியில்லை. பசையை முழுக்கத் தடவாமல் கோடுகோடாக வைத்து, பல்குத்திக் குச்சிகளைக் குத்தி இறுக்கினால் பிடித்துக்கொள்ளும்.

ஃபோமைச் சூட்டுக்கம்பியால் வெட்டும்போது வரும் புகையில் ஸ்டைரின் இருக்கிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2018ல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ள பொருளாக வகைப்படுத்தியது. ஜன்னலைத் திறந்து, காற்றாடியை வெளிப்பக்கம் பார்த்து வைத்து வெட்டுங்கள். புகை வருகிறதென்றால் கம்பி அளவுக்கு மேல் சூடாக இருக்கிறது என்று அர்த்தம், சூட்டைக் குறையுங்கள். உப்புத்தாள் தேய்க்கும்போது மாஸ்க் போடுங்கள்.

நிறத்தைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான். உங்கள் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். புல், பாதை, பாறை மூன்றும் ஒரே சாம்பலாகிவிட்டன. பச்சை, பழுப்பு, சாம்பல் என்று பெயர் வேறாக இருந்தாலும் வெளிச்ச அளவில் மூன்றும் ஒன்றாக இருந்தால் கண்ணுக்கு மேடுபள்ளம் கிடைக்காது. பல்பின் மஞ்சள் இதில் அவ்வளவாகக் குறுக்கிடாது. காய்ந்த மண்ணை நீங்கள் நினைப்பதைவிட வெளிறியதாகவும், ஈர மண்ணை நினைப்பதைவிட இருண்டதாகவும் பூசுங்கள். ஓடைக்கரையில் ஒரு விரல் அகலத்துக்கு மண் இருண்டு, மேலே போகப் போக வெளிறினாலே ஈரம் தெரிந்துவிடும். டிரை பிரஷ்ஷை (பெயின்டைத் துடைத்த, ஏறத்தாழ காய்ந்த தூரிகையை) ஒரே வெள்ளையில் எல்லாவற்றின்மேலும் இழுக்காதீர்கள், சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடுகிறது. பாறைக்கு நீர்த்த மஞ்சள் மண் நிறமும் நீர்த்த சாம்பலும் திட்டுத்திட்டாக விட்டு, கடைசியில் ஒரு கறுப்பு வாஷ் (மிக நீர்த்த பெயின்டு) போதும். சிறிய ஸ்கேலில் எல்லா நிறத்தையும் வெளுக்க வேண்டும், தூரத்துப் பொருள் வெளிறித்தான் தெரியும் என்று ஒரு வாதம் உண்டு. நான் 1/72க்கும் அதற்குக் கீழும் அதைப் பின்பற்றுகிறேன். 28 மி.மீ.க்குத் தேவையில்லை என்பது என் கருத்து. ஆனால் இது ரசனை சேர்ந்த விஷயம், என்னைவிட நன்றாகச் செய்பவர்களில் இரண்டு கட்சியும் உண்டு.

இப்போது கருவிகள். ஸ்டாட்டிக் கிராஸ் கருவி உண்மையிலேயே வேலை செய்யும், அதில் சந்தேகம் இல்லை. சல்லடையில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம், மிகக் குறைந்த மின்னோட்டம். இன்னொரு முனையை ஈரப்பசையில் குத்திய ஆணியில் மாட்டுகிறோம். நைலான் இழைகள் மின்னேற்றம் பெற்று, சல்லடைக்கும் பசைக்கும் நடுவே இருக்கும் மின்புலத்தின் வழியாக இறங்கி, நின்றபடியே பசையில் குத்திக்கொள்ளும். ஆகவே பசை ஈரமாக இருக்கும்வரைதான் மந்திரம். ஒரு கையகல இடத்துக்குப் பசை தடவி, உடனே தூவி, அடுத்த இடத்துக்குப் போங்கள். முதலில் 2 மி.மீ., அது காய்ந்த பிறகு வடிகால் கோடுகளில் மட்டும் 4 மி.மீ., இன்னும் ஈரமான இடத்தில் 6. ஒரே பையிலிருந்து தூவாமல் காய்ந்த மஞ்சள், மங்கிய பச்சை, ஆழ்ந்த பச்சை மூன்றையும் உங்கள் கையால் கலந்து, இடத்துக்கு இடம் விகிதத்தை மாற்றுங்கள். நீங்கள் இனிமேல் இரண்டு மூன்று பலகைகள் செய்வதென்றால் வாங்குங்கள். இந்த ஒரு பலகைக்காக என்றால் வேண்டாம்; குச்சம் குச்சமாக ஒட்டும் ஆயத்தப் புற்களை வடிகால் ஓரத்தில் நட்டாலே போதும்.

ரெசினை இப்போதைக்குத் தள்ளிப்போடச் சொல்வேன். உங்கள் ஓடை 5 செ.மீ. அகலம், நிஜத்தில் 3 மீட்டர். அந்த அகலத்துச் சிற்றோடை முழங்கால் ஆழம் என்றால் மேஜையில் வெறும் 8 மி.மீ.தான். ஆழத்தைக் கண்ணுக்குக் காட்டுவது ரெசின் அல்ல, அடியில் இருக்கும் நிறம். நடுவிலும் வளைவின் வெளிப்பக்கத்திலும் இருண்ட பச்சை கலந்த பழுப்பு, கரைப்பக்கம் வரவர மணல் நிறம் என்று பிசிறில்லாமல் மங்கவிட்டு, அதன்மேல் பளபளப்பான அக்ரிலிக் வார்னிஷை நாலைந்து கோட் அடித்தாலே தண்ணீர் நிற்கிற மாதிரி இருக்கும். கல் தடுக்கும் இடங்களில் தெளிவான அக்ரிலிக் ஜெல்லைக் குத்திக் குத்தி எழுப்பினால் ஓட்டம் வந்துவிடும். ஆட்டப் பலகைக்கு இது ரெசினைவிட நல்லது, கீறல் விழுந்தால் இன்னொரு கோட் அடித்துக்கொள்ளலாம்.

பிறகு என்றாவது எபாக்ஸி ரெசின் ஊற்றுவதென்றால் இதை நினைவில் வையுங்கள். ரெசினும் ஹார்டனரும் (அதை இறுகவைக்கும் திரவமும்) சேர்ந்து இறுகும்போது சூடு உண்டாகும், ஒரே இடத்தில் கனமாக ஊற்றினால் சூடு வெளியேற முடியாமல் ஏறிக்கொண்டே போகும். எக்ஸ்பிஎஸ் ஃபோம் சுமார் 75 டிகிரிக்கு மேல் தாங்காது. என் இரண்டாவது வருடத்தில் ஒரு குளத்துக்கு 3 செ.மீ. ஒரேயடியாக ஊற்றினேன். காலையில் பார்த்தால் குளத்தின் அடி உருகி உள்வாங்கி, ரெசின் நடுவில் விரிசல் விட்டு மஞ்சளாகியிருந்தது. மூன்று வார வேலை. அன்றிலிருந்து ஒரு தடவைக்கு 3 மி.மீ., ஒரு நாள் இடைவெளி, அப்புறம்தான் அடுத்தது. கலவை விகிதம் எடைக்கா கொள்ளளவுக்கா என்று புட்டியில் பார்த்து, அதன்படி அளந்து கலக்குங்கள். கண்ணளவு வேண்டவே வேண்டாம். கையுறை கட்டாயம். எபாக்ஸி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கப் போகாது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் அதனாலேயே இந்த வேலையை விட்டுவிட்டார்.

மரங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் கம்பி மரங்கள் நன்றாகவே இருக்கின்றன. அடிமரம் பென்சில் மாதிரி நிலத்தில் குத்தி நிற்பதுதான் குறை. பட்டிக் கலவையால் நாலைந்து வேர்களை வெளியே இழுத்துவிடுங்கள், அடியில் கொஞ்சம் சருகு தூவுங்கள். தோட்டத்து மண்ணையும் காய்ந்த பாசியையும் அப்படியே பயன்படுத்துகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். மண்ணை விட நல்ல மண் நிறம் கிடையாது, தாராளமாகப் பயன்படுத்துங்கள். சலித்து, சூட்டில் நன்றாக உலர்த்திவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை வரும். பாசியைக் கிளிசரினில் பதப்படுத்தாமல் ஒட்டினால் சில மாதத்தில் பழுப்பாகி உதிரும். 3டி பிரின்டில் பாறையும் மரமும் எடுப்பதைப் பற்றிக் கேட்டதற்கு நான் பதில் சொல்லப் பொருத்தமானவன் அல்ல. அதில் எனக்குக் கைப்பழக்கம் இல்லை, தினமும் செய்கிறவர் யாராவது சொல்லட்டும்.

பழைய பலகையைத் தூக்கிப்போட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டாம். ஓடைக்கு இடப்பக்கம் தாழ்ந்திருக்கிற நிலத்தின்மேல் ஒரு ஃபோம் துண்டை ஒட்டி, ஓடையைவிட 1 செ.மீ. உயர்த்துங்கள். வெளிக்கரையை வெட்டுங்கள், உள்கரையைச் சரியுங்கள். குன்றின் இடப்பக்கப் பாறையைப் பட்டியால் மூடி மண் சரிவாக்குங்கள், வலப்பக்கம் குழிவிழுந்த முகத்தை அப்படியே விட்டு அதன் அடியில் சரளை கொட்டுங்கள். ஸ்பிரே அரித்த அந்தக் குழிகள் நல்ல உடைந்த பாறை போலத்தான் இருக்கின்றன. எல்லாவற்றையும் பழுப்புக் கலவையால் ஒரு கோட் மூடி, காய்ந்ததும் அந்த ஸ்பிரேயர் சோதனையைச் செய்து, புல் ஒட்டுவதற்கு முன் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். ஜன்னல் பக்கம், பகல் வெளிச்சத்தில் எடுங்கள். நிறத்தைப் பற்றி அப்போது இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.